ஒற்றைத் தும்மல்

"அச்சூ…!"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவன் சட்டென்று பின்வாங்கினான். ஆனால் தப்பவில்லை. அவன் நீட்டிய மரப்பெட்டியின் மேல், சட்டையின் மேல், ஏன், அழகாகக் கத்தரித்திருந்த மீசையின் மேலும்கூட மாவு போல ஏதோ படிந்துவிட்டது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம், பாதி மடித்த மருந்துப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த சவுரியம்மாளுக்கு உயிரே போய்விட்டது. பாலாற்றங்கரைப் பெண்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்படி ஒரு மானக்கேடு ஒரு நாளும் நடந்ததில்லை.

கத்தப் போகிறான் என்று காத்திருந்தாள். அவனோ கத்தவில்லை. மீசையைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா பாக்குறீங்க?"

"இன்னொண்ணு வருமான்னு பாக்குறேன்."

"இன்னொண்ணு இன்னா?"

"இன்னொரு தும்மல். ஒத்தத் தும்மல் ஆகாதுங்க. மொத மொதல்ல ஒரு வேலையா வந்திருக்கேன்… நீங்க இன்னொரு தபா தும்மிட்டீங்கன்னா தோஷம் கழிஞ்சிடும். நான் பாட்டுக்கு மருந்தை வாங்கினு போய்ட்டே இருப்பேன்."

வரிசையில் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். சவுரியம்மாளுக்குக் காது மடல் சூடாயிற்று.

"கழுத்துல சிலுவை தொங்குது. சகுனம் வேற பாக்குறீங்களா? ஞாயித்துக்கெழமை கோயில்ல சாமியார் இதைத்தான் சொல்லிக் குடுத்தாரா?"

"அது ஞாயித்துக்கெழமைங்க. இன்னிக்குப் புதன்கெழமையாச்சே!"

பதிலுக்குப் பதில் கொடுக்க வாயைத் திறந்தாள். அதற்குள் பாழாய்ப்போன இரண்டாவது தும்மல் வந்து தொலைத்தது. "அச்சூ!"

"தீர்க்காயுசு!" என்றான் அவன், ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவன் போல.

வெளியே அப்போதுதான் ஆடி மாதத்துச் சாரல் விழ ஆரம்பித்திருந்தது. அவன் தலைமுடியில் நீர் முத்துகள் நின்றன. சிரிக்கும்போது முதலில் கண்தான் சிரித்தது, உதடு கொஞ்சம் பொறுத்துத்தான் வந்து சேர்ந்துகொண்டது. அவன் என்ன பார்த்தானோ, எனக்குத் தெரியாது… பொடி படிந்த நீண்ட இமைகளையும், அதற்குள் கோபமா வெட்கமா என்று தீர்மானிக்க முடியாமல் தவித்த இரண்டு கண்களையும் பார்த்திருப்பான். பார்த்தவன் எதற்காக வந்தோம் என்பதை மறந்துபோய், பெட்டியை வாங்காமலே வாசல்வரை நடந்து, பிறகு அசடு வழியத் திரும்பி வந்தான்.

அவன் பெயர் ஆரோக்கியசாமி. மக்பூல் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் வேலை. ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்துக்குத் தோல் ஷாப்பு என்றுதான் பெயர். பதனிட்டு வரும் ஆட்டுத்தோலை விரலால் தடவிப் பார்த்தே இது முதல் தரம், இது கழிவு என்று பிரித்துவிடுவான். தன் ஆட்களுக்கு வேண்டிய மருந்தை வாரா வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் வாங்கி வைப்பது சாயபுவின் வழக்கம். சுண்ணாம்புக் குழியில் கை வெந்தவர்களுக்குக் களிம்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, சீதபேதிக்குப் பொட்டலம்… புதன்கிழமை காலையில் வண்டிக்காரப் பச்சையப்பன் வந்து வாங்கிப் போவான். அந்த வாரம் பச்சையப்பனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் ஆரோக்கியசாமி வந்தான்.

அடுத்த வாரம் பச்சையப்பன் இடுப்பு சரியாகிவிட்டது. ஆனாலும் ஆரோக்கியசாமிதான் வந்தான். அதற்கடுத்த வாரமும் அவன்தான். "இன்னும் வலிக்குதா அவருக்கு?" என்று சவுரியம்மாள் தலைநிமிராமலே கேட்டாள்.

"பாவம், ரொம்பப் பேஜாரா இருக்காரு" என்றான் அவன். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பச்சையப்பனே வண்டியை நிறுத்தி, மாட்டுக்குத் துள்ளிக் குதித்துப் புல் போட்டுக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக நன்றாகவே தெரிந்தது. சவுரியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு களிம்பு டப்பாவை எண்ணாமலே பெட்டிக்குள் வைத்தாள்.

புதன்கிழமை என்றால் விடியும்போதே அவளுக்குக் கை வேகமாக ஓடும். பொடியை இடித்து வைத்தால் வீரியம் குறைந்துவிடும், அன்றன்றைக்குத்தான் இடிக்கவேண்டும் என்பது வெள்ளைக்கார டாக்டரம்மாவின் கட்டளை. ஆகவே தோல் ஷாப்புப் பெட்டிக்காகப் புதன்கிழமை காலையில் சீதபேதிக்கான இபிகாக் வேரை இரும்பு உரலில் போட்டு இடிப்பாள். கப்பலில் வரும் வேர் அது. வளையம் வளையமாக, மண்புழு காய்ந்த மாதிரி இருக்கும். இடித்து, சல்லாத் துணியில் சலித்து, பொட்டலம் மடிப்பாள். மடித்து முடிப்பதற்கும் மழையோ வெயிலோ பாராமல் அவன் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். அவன் வந்து நின்றதும்… அச்சூ!

"உங்க பேரு ஆரோக்கியசாமி. உங்களைப் பாத்தாத்தான் எனக்கு ஆரோக்கியம் போவுது" என்று ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னாள்.

"அப்டியா?"

"பின்னே? மத்த நாள்ல தும்மலே கெடையாது. எல்லாம் உங்க சட்டையில வர்ற தோல் வாசனைதான்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். ஆனால் அடுத்த புதன்கிழமை தலைமுடி சொட்டச் சொட்ட, சோப்பு வாசனையோடு, சலவைச் சட்டையில் வந்து நின்றான். அவளுக்கு அன்றைக்கும் தும்மல் வந்தது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. அதற்கடுத்த வாரம் ஜன்னலருகே வராமல், பெட்டியை நீட்டிவிட்டுப் போய்ப் புங்கமரத்தடியில் நின்றுகொண்டான். அங்கிருந்தே, "இப்ப பரவால்லியா?" என்று கேட்டான். வரிசையில் நின்றவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நெஞ்சுக்குள் ஏதோ இளகியது… என்னவென்று அவளே தன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் புரட்டாசி பிறந்தபோது அந்தத் தொல்லை தும்மலோடு நிற்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நெஞ்சுக்குள் யாரோ கல்லை ஏற்றி வைத்தாற்போல இருந்தது. மூச்சு உள்ளே போனது. வெளியே வர மறுத்தது. வந்தபோதும் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தத்தோடு வந்தது. அம்மா அன்னம்மாள் காதில் விழாமல் இருக்க, தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமினாள்.

ஏன் மறைத்தாள் என்று கேட்கிறீர்களா? இருமுகிற பெண்ணை அந்தக் காலத்தில் ஊர் என்ன சொல்லும்? காசம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடும். காசம் வந்தவள் கையால் யார் மருந்து வாங்கிச் சாப்பிடுவார்கள்? வேலை போய்விடும். வேலூரில் விடுதியில் தங்கி, கண் எரியப் படித்து வாங்கிய வேலை. தெருவில் போகும்போது, "கம்பவுண்டரம்மா போறாங்க" என்று பெரியவர்களும் வழிவிடுகிற வேலை. அம்மா வீடு வீடாகப் போய் நெல் குத்துவதை நிறுத்த வைத்த வேலை. அது போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

அதோடு இன்னொன்றும் இருந்தது. அவளுடைய அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர், இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். அன்றிலிருந்து அன்னம்மாள் வீட்டில் ஒரே சட்டம். "பிச்சைக்காரனுக்குக் குடுத்தாலும் குடுப்பேன், எம் பொண்ணைத் தோல் ஷாப்புக்காரனுக்குக் குடுக்க மாட்டேன்!" அந்த ஊரில் தலைவலி வந்தாலும் தோல் ஷாப்பு, தண்ணீர் உப்புக் கரித்தாலும் தோல் ஷாப்பு, மழை பெய்யாவிட்டாலும் தோல் ஷாப்பு என்று சொல்லிப் பழக்கம். சவுரியம்மாளும் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தானே? புதன்கிழமை அவன் வருகிறான். புதன்கிழமை மூச்சு முட்டுகிறது. அப்பாவைக் கொண்டுபோன காற்று இப்போது அவன் சட்டையில் ஏறி, சிரித்துக்கொண்டே தன்னைத் தேடி வருகிறது என்று அவள் நம்பிவிட்டாள். மனசு அவனை வா வா என்றது. மூச்சோ போ போ என்றது.

அந்தப் பொல்லாத புதன்கிழமை வந்தது. ஜன்னலுக்கு முன்னால் நல்ல கூட்டம். ஆரோக்கியசாமி புங்கமரத்தடியில் நின்றிருந்தான். சவுரியம்மாள் களிம்பு டப்பாவை எடுக்கத் திரும்பினாள்… மூச்சு நின்றுவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்ட, அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் எல்லோருக்கும் கேட்க, இழுத்து இழுத்து இருமினாள்.

"அய்யய்யோ, இன்னாம்மா இது… நெஞ்சுல கோளாறா?" என்று ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஆரோக்கியசாமி மரத்தடியை மறந்து ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தான். "இன்னா ஆச்சுங்க? டாக்டரம்மாவைக் கூப்புடட்டுமா?"

டாக்டரம்மாவா! பயம் அவள் வாயில் புகுந்து பேசியது.

"ஒண்ணும் வாணாம்! நீங்க கிட்ட வராம இருந்தாப் போதும். உங்க தோல் ஷாப்பு நாத்தம்தான் எனக்கு மூச்சை அடைக்குது. குளிச்சுட்டு வந்தாப் போயிடுமா அது? இனிமே இந்த ஜன்னலாண்ட வராதீங்க!"

காசம் இல்லை, நாற்றம்தான் காரணம் என்று தெரிந்ததும் முந்தானைகள் மூக்கிலிருந்து இறங்கின. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். தேய்த்து மடித்த சட்டை, ஈரத் தலை, கையில் மரப்பெட்டி… அவன் கண்ணில் எப்போதும் முதலில் வரும் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"தெரியாமப் போச்சுங்க" என்றான் மெதுவாக. பெட்டியை ஓசைப்படாமல் திண்டின் மேல் வைத்துவிட்டு நடந்தான்.

அன்று சாயங்காலம் மூச்சு முட்டியதைவிட அவன் வைத்துவிட்டுப் போன அந்த வார்த்தைதான் அவளை அதிகமாகப் படுத்தியது. ஓடிப் போய் மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் என்ன சொல்வது? மூச்சு முட்டியது நிஜம்தானே என்று வீம்பு தடுத்தது.

அதன் பிறகு பச்சையப்பன்தான் வந்தான். புதன்கிழமை மூச்சுத் திணறல் மட்டும் விடவில்லை. 'இவரும் அந்த ஷாப்பு ஆள்தானே' என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பச்சையப்பன் சும்மா இருக்கவில்லை. "உனுக்கு சேதி தெரியுமாம்மா? நம்ம ஆரோக்கியத்தைச் சாயபு பட்டணத்துக்கு அனுப்பறாரு. பெரியமேட்டுத் தோல் மண்டியில தரம் பாக்குற வேல. எத்தினியோ தபா கூப்ட்டாரு. ஆம்பூரை வுட்டு நவுர மாட்டேன்னு நின்னவன், இப்போ அவனே போய்க் கேட்டு வாங்கினு போறான்!"

அவள் மடித்த பொட்டலம் பிரிந்து மேஜையெல்லாம் சிந்தியது. தும்மல் வந்தது. கண்ணீரும் வந்தது. இரண்டுக்கும் தும்மல்தான் காரணம் என்று பச்சையப்பன் நினைத்துக்கொண்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குடியாத்தத்தில் பெரியம்மா மகள் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, மறுநாள் மத்தியானம் ரயிலில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள் சவுரியம்மாள். பச்சகுப்பத்தில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் தண்டவாளத்தின் மேல் காட்டாறு புரண்டு ஓடுகிறதாம், நாளைக்குத்தான் போகுமாம். ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். அவளும் இறங்கினாள். குடை ஒரே காற்றில் மடங்கிப் போயிற்று. எதிரே இருக்கிற மரம் தெரியாத மழை!

பின்னாலிருந்து மாட்டுச் சலங்கை கேட்டது. பனையோலைக் கூண்டு போட்ட வண்டி. பச்சையப்பன் ஓட்டுகிறான். பக்கத்தில் சாக்கைத் தலைக்குக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு… கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். இவளோ ஓடி ஒளிய இடம் தேடினாள்.

வண்டி நின்றது. ஆரோக்கியசாமி கீழே குதித்தான். அவளைப் பார்த்தான். கிட்டே வர எடுத்த காலை அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"வண்டி பூராத் தோலுங்க. குடியாத்தம் சந்தையில வாங்கின பச்சைத் தோலு, உப்புப் போட்டது. உங்களுக்கு ஆவாதுன்னு தெரியும். ஆனா இந்த மழையில நடந்தீங்கன்னா அது அதைவிட மோசம்." துண்டை நீட்டினான். "இதால மூக்கைக் கட்டிக்கிங்க… இதுவும் என் துண்டுதான். வேற இல்ல."

"நீங்க…?"

"நான் நடந்து வர்றேன்."

"எடம் இருக்கே…"

"நானும் உள்ள வந்தா உங்களுக்கு மூச்சு அடைக்கும்" என்றான். குத்திக் காட்டவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தாள். முன்னும் பின்னும் படுதாவை இழுத்துக் கட்டினார்கள். தலைக்கு மேல்வரை தோல் அடுக்கு. உப்பும் இரத்தமும் மயிரும் கலந்த நெடி மூக்கைத் துளைத்தது. 'இதோ வந்துவிடும்… இதோ அடைக்கப் போகிறது…' என்று துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு ஜெபமாலையை உருட்டினாள். வண்டி ஆடி ஆடிப் போயிற்று. மாந்தோப்புப் போயிற்று. பாலமும் பின்னால் போயிற்று. பயந்து பயந்து மூச்சை இழுத்தாள். உள்ளே போனது. விட்டாள். தடையில்லாமல் வெளியே வந்தது! துண்டை எடுத்துவிட்டு இன்னும் ஆழமாக இழுத்தாள். நாற்றமான நாற்றம்… குமட்டியது. ஆனால் மூச்சு? பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் மூச்சுப்போல இருந்தது.

படுதாவின் இடுக்கு வழியாக வெளியே பார்த்தாள். சக்கரத்தோடு சக்கரமாக அவன் நடந்துகொண்டிருந்தான். காற்று இவள் பக்கம் அடிக்கும்போதெல்லாம், தன் வாசனை இவளுக்கு வந்துவிடப் போகிறதே என்று அந்தப் பக்கத்துக்கு மாறி நடந்தான். வண்டிக்குள் நூறு தோல் இருக்க, வெளியே மழையில் கழுவிக் கழுவி நடக்கிற ஒரு மனுஷனின் வாசனை என்ன செய்துவிடும் என்ற கணக்குக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. சவுரியம்மாள் அழுதாள். சத்தமில்லாமல், அந்தத் தோல் மூட்டையின் மேலேயே முகத்தைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

ஊர் எல்லையில் அன்னம்மாள் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, வருகிற வண்டியையெல்லாம் மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தோல் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். கூண்டில் இடம் கிடக்க, குளிரில் உதடெல்லாம் நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டு நிற்பவனையும் பார்த்தாள். முறத்தை மகள் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தாள்.

சவுரியம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு… உள்ள ஒண்ணும்…"

"ரொம்பக் கஷ்டமாப் போச்சா? மன்னிச்சுக்கிங்க" என்று அவன் முந்திக்கொண்டான். "இனிமே அந்தத் தொந்தரவு இல்ல. புதன்கெழமை பட்டணத்துக்கு வண்டியேர்றேன்."

சொல்லிவிட்டு வண்டியோடு நடந்தான். பேசத்தான் என்ன இருந்தது அவளிடம்? தோல் இல்லையென்றால் வேறு எது? அது தெரியாமல் அவனை எந்த முகத்தோடு நிறுத்துவது?

புதன்கிழமை விடிந்தது. அன்றைக்கு அவள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கவனித்தாள். ஜன்னலைத் திறக்கவில்லை. யாரும் வரவில்லை. தோல் ஷாப்பு ஈ எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. அவளும், அறையும், உரலும், அந்தச் சீமை வேரும் மட்டும்தான். இடித்தாள். மெல்லிய புகை போலத் தூசு எழுந்தது. மூக்கு அரித்தது. அச்சூ! சலித்தாள். கண் கலங்கிற்று. பொட்டலம் மடிக்கக் குனிந்தாள். வந்துவிட்டது! நெஞ்சில் அதே கல், தொண்டையில் அதே பூனைக்குட்டி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவன் ஆட்களுக்காக அவள் இடித்த மருந்து, அது ஆடிய ஆட்டத்துக்கு அவன் தலையில் பழி! அவன் வரும் நாளில் அவனுக்காகவே இடித்ததால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழ, காக்கையைக் கல்லால் அடித்துவிட்டாள்.

மறைத்துவிடலாம். இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம், தோல் ஷாப்பு நாற்றம் என்றே சொல்லிக் காலம் தள்ளலாம். வேலை நிற்கும். ஆனால் அந்தப் பொய்யின் விலை, மழையில் நடந்த அந்த மனுஷன். உரலை அப்படியே விட்டுவிட்டு, இரைக்க இரைக்க டாக்டரம்மா அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டரம்மா பைபிள் படித்துத் தமிழ் கற்றவர். அவள் மார்பிலும் முதுகிலும் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இது க்ஷயம் அல்ல, மகளே. இது இழுப்பு. இந்த வேரின் தூசு சிலருக்கு நாள்பட நாள்பட ஆகாமற்போகும் என்று நான் படித்திருக்கிறேன். என் தேசத்திலும் இதை இடிக்கும்போது கடையை விட்டு ஓடிப்போகிற மருந்துக்காரர் உண்டு. நம்முடைய அறையிலேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று நான் அறியாதிருந்தேன். ஏன் ஒளித்தாய்?"

"வேலைய வுட்டு அனுப்பிடுவீங்கன்னு… பயந்துட்டேம்மா."

"போகவேண்டியது நீயல்ல, அந்த வேர். அதை இனி மாத்திரையாகவே பட்டணத்திலிருந்து வரவழைப்போம். நீ அதைத் தொடவும் வேண்டாம், முகரவும் வேண்டாம்." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீ ஏன் இன்னும் அழுகிறாய்?"

சவுரியம்மாள் டாக்டரம்மா கொடுத்த வெந்நீரை வாங்கிக் குடித்தாள். வெராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்த பிறகு மூச்சு ஒருவழியாகச் சீராயிற்று. அங்கே தூக்குச் சட்டியோடு அம்மா வந்து நின்றாள். கஞ்சி கொண்டு வந்தவள், உள்ளே நடந்த பேச்சு முழுவதையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தாள்.

"அப்போ அந்தப் புள்ளையால இல்லியா உனுக்கு?"

"இல்லம்மா…"

"ஊரு ஜனம் முன்னாடி அவனைப் பேசினியாமே?"

சவுரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்னம்மாள் தூக்குச் சட்டியைத் தரையில் வைத்தாள். "உங்கப்பாவும் தோல் ஷாப்புக்காரருதான். மழை வந்தா எனக்குக் குடைய புடிச்சிட்டு அவரு நனைவாரு. அதை நான் மறந்தே பூட்டேன். அன்னிக்கு வண்டியாண்ட அந்தப் புள்ள நின்னதைப் பாத்துதான் ஞாபகம் வந்துது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னாடி மரம் மாதிரி குந்தினு இருக்கிற? பட்டணத்து ரயிலு வர்ற நேரம். ஓடு!"

ஓடினாள். கம்பவுண்டரம்மா கடைத்தெருவில் ஓடுகிறாள் என்று ஊரே பார்த்தது. பார்க்கட்டும்!

ஸ்டேஷனில் தகர டிரங்குப் பெட்டியின் மேல் ஆரோக்கியசாமி உட்கார்ந்திருந்தான். மழையில் நனைந்ததில் ஜலதோஷம், மூக்கு சிவந்திருந்தது. அவள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நிற்பதைப் பார்த்ததும் பதறி எழுந்தான். பின்னால் நகர்ந்தான்.

"மூச்சு வாங்குதே! தள்ளி நில்லுங்க… கிட்ட வராதீங்க!"

"இது ஓடி வந்த மூச்சு!" என்று கத்தினாள். "உங்களால வந்தது இல்ல. எப்பவுமே உங்களால வந்தது இல்ல. நான் இடிக்கிற மருந்துதான் எனக்கு ஆவல. உங்க பொட்டிக்குத்தான் அதை இடிப்பேன், அதான் நீங்க வர்ற அன்னிக்கே வந்துது. தோல் வண்டியில அவ்ளோ தூரம் வந்தேனே, ஒரு தும்மல் போட்டனா? தெரியாம உங்களை… அத்தினி பேர் முன்னால…"

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

"சட்டைய தொவைச்சுத் தொவைச்சுக் கிழிச்சுட்டேங்க" என்றான். "மரத்தடிக்குப் போனேன். போதாதுன்னீங்க. அதான் பட்டணம் போனா உங்களுக்கு மூச்சு நல்லா இருக்கும்னு…"

"போனா நின்னுடும்!" என்றாள் அவள். சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. தெரிந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "மருந்தால முட்டினதுக்கு டாக்டரம்மா வழி சொல்லிட்டாங்க. நீங்க வராத புதன்கெழமையில நெஞ்சு முட்டுதே… அதுக்கு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

புகையைக் கக்கிக்கொண்டு ரயில் உள்ளே வந்தது. அவன் முகத்தில் ஏதேதோ ஓடியது. சந்தோஷம், நம்பாமை, கூடவே பட்ட காயத்தின் வீம்பு கொஞ்சம். "சாயபுக்கு வாக்குக் குடுத்துட்டேனுங்க" என்று முணுமுணுத்தான். அந்த நேரம் பார்த்து அவனுக்கே தும்மல் வந்தது. ஒன்று… இரண்டு…

"பாத்தீங்களா? ரெட்டைத் தும்மல். பயணத்துக்கு நல்ல சகுனம்" என்று சிரிக்க முயன்றான். கண் சிரிக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தான்.

கார்டு விசில் ஊதினான்.

"அச்சூ!"

அவன் திரும்பினான். சவுரியம்மாள் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவ்வளவு மோசமான, இவ்வளவு பொய்யான தும்மலை அந்த ஸ்டேஷன் அதற்கு முன் கேட்டதில்லை. விரல்களுக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. முதல் நாள் பார்த்த அதே கண்கள். ஆனால் இன்றைக்கு அவற்றில் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

"ஒத்தத் தும்மல்" என்றாள். "ஏறக் கூடாது. எறங்குங்க."

முதலில் கண் சிரித்தது. அப்புறம் உதடு. பெட்டியோடு அவன் இறங்கவும் ரயில் நகரவும் சரியாக இருந்தது.

"சாயபு கேட்டா இன்னா சொல்றது?"

"சகுனம் சரியில்லன்னு சொல்லுங்க."

"இன்னொண்ணு தும்மிட்டீங்கன்னா அடுத்த வண்டிக்குப் போயிடுவேன்…" என்றான், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு.

சவுரியம்மாள் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். அவன் சட்டைக்கு மிக அருகில், தோலும் சோப்பும் மழையும் கலந்த அந்த வாசனையில், நிறைய நிறைய ஒரு மூச்சு இழுத்துவிட்டாள்.

"தும்மவே மாட்டேன்" என்றாள்.